வாதி ரம்மில் இரண்டு இரவு: முன்பணம் கட்டுமுன் முகாம் எங்கே என்று கேளுங்கள்

கேள்வி: ஜோர்தான் தலைநகர் அம்மானில் அரபி படிக்கிறேன். டிசம்பரில் ஒரு வார இறுதிக்கு நாங்கள் ஐந்து பேர் வாதி ரம் பாலைவனத்தில் கூடாரத்தில் தங்க நினைக்கிறோம். விடுதிக்கு வந்துபோகும் ஒருவர் முகாம், ஜீப், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 60 தினார் என்கிறார். முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். தங்கும் அனுமதி வேலைக்காக என் பாஸ்போர்ட் ஒரு ஏஜெண்டிடம் இருக்கிறது, கையில் நகல்தான். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த 60 தினாரைக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் கைக்கு வராமல் கிளம்பவும் வேண்டாம்.

பாஸ்போர்ட் விஷயம் சுருக்கமானது. அம்மானிலிருந்து தெற்கே போகும் பாலைவன நெடுஞ்சாலையில் போலீஸ் சோதனைச் சாவடிகள் உண்டு. தெற்கே உள்ள துறைமுக நகரான அகபா சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பதால் அங்கிருந்து திரும்பும்போது சுங்கச் சாவடியும் வரும். நகலைப் பார்த்துவிட்டு விடுவதும் நிறுத்தி வைப்பதும் அன்றைக்கு அங்கே இருப்பவரைப் பொறுத்தது. அனுமதி வேலையில் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அலையவிடுவார்கள் என்பது உண்மைதான். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் மாணவர்கள் ஏஜெண்டைப் பிடிக்கிறார்கள். அதற்காகப் பாஸ்போர்ட்டையே வாரக்கணக்கில் அவரிடம் விட்டு வைப்பதா? புதன்கிழமைக்குள் திரும்ப வாங்கிவிடுங்கள்.

இனி பணம். ஐந்து பேருக்கு 60 என்றால் 300 தினார். வாதி ரம்மில் ஜீப் வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல. பின்பக்கம் எதிரெதிர் பெஞ்சு போட்ட அந்தப் பிக்கப்பில் ஆறு பேர் உட்காரலாம். இடைத்தரகர் ஒரு வண்டியின் வாடகையை உங்கள் ஐந்து பேரிடமும் தனித்தனியாக வாங்கிக்கொள்கிறார். பேசும்போது முதல் கேள்வியே "லிஸ்ஸய்யாரா, வல்லா லின்னஃபர்?" என்று, வண்டிக்கா ஆளுக்கா எனக் கேளுங்கள். அடுத்து எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு மணி நேரச் சுற்றை 'ஃபுல் டூர்' என்று விற்பது சகஜம். உம் ஃப்ரூத் பாறைப் பாலம் பட்டியலில் இருந்தால் குறைந்தது அரை நாள் வேண்டும். பார்வையாளர் மையத்தில் கட்டும் ஆளுக்கு 5 தினார் நுழைவுக் கட்டணத்தை 'எல்லாம் சேர்த்து' என்பவர்கள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஜோர்தான் பாஸ் (சுற்றுலா இடங்களுக்கான ஒருங்கிணைந்த நுழைவுச் சீட்டு) வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டணம் இல்லை.

இணையத்தில் ஐந்து தினாருக்குப் படுக்கை என்று பார்த்தால் சந்தேகப்படுங்கள். ஜீப்பும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் மறைமுக நிபந்தனை. எடுக்காவிட்டால் முகாமுக்குக் கொண்டுபோய் விடும் கூலியில் அதைக் கறந்துவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று, முகாமின் இருப்பிடம். 2011இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட பகுதி ஒன்று. அதற்கு வெளியே வடகிழக்கில் இருக்கும் தீஸா கிராமத்துப் பக்கம் வேறு. பார்வையாளர் மையத்துக்கு முன்பே இடப்பக்கம் பிரியும் சாலை தீஸாவுக்குப் போகிறது. அங்கே உள்ள முகாம்களும் தங்களை 'வாதி ரம்' என்றே விளம்பரம் செய்கின்றன. முன்பதிவுத் தளங்கள் இதைச் சரிபார்ப்பதே இல்லை. கமிஷன் வந்தால் போதும் அவர்களுக்கு. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: "சாதாரண டாக்ஸி உங்கள் முகாம் வாசல் வரை வருமா?" என்று கேளுங்கள். வரும் என்றால் அது உள்ளே இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கும் முகாமுக்கு ரம் கிராமத்தில் இறங்கி ஜீப்பில்தான் போக முடியும். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். ரம் கிராமத்தைத் தாண்டித் தெற்கே புள்ளி விழ வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்களுக்கு அது பொருந்துவதால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை பொதுப் போக்குவரத்து மிகக் குறைவு என்பதால் வியாழன் வகுப்பு முடிந்ததும் கிளம்பியாக வேண்டும். பயணம் நான்கு மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் மாலை ஐந்தரை மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். நீங்கள் போய்ச் சேரும்போது பார்வையாளர் மையத்தில் ஆள் இருக்காது. இருட்டில் மணலுக்குள் கூட்டிப்போக முகாம்காரர் சம்மதித்தாலும் கூடுதல் காசு கேட்பார். அதனால் வியாழன் இரவுக்கு மட்டும் தீஸாவில் ஒரு முகாமையோ ரம் கிராமத்தில் ஒரு அறையையோ எடுப்பது தப்பில்லை, அதுவே புத்திசாலித்தனம். தீஸா என்று தெரிந்தே, தீஸா விலைக்கு எடுங்கள். வெள்ளி காலை பார்வையாளர் மையத்தில் கட்டணம் கட்டி, நீங்கள் முன்பதிவு செய்த ஓட்டுநரின் பெயரைச் சொல்லி உள்ளே போங்கள். "அவர் வரவில்லை, நான் அவர் தம்பி" என்று யாராவது வந்தால் ஓட்டுநருக்கு உடனே போன் போட்டுக் கேளுங்கள். அகபா பேருந்தில் ஏறி நெடுஞ்சாலைப் பிரிவில் இரவில் இறங்கும் யோசனை வேண்டாம். அங்கிருந்து கிராமம் சுமார் 30 கி.மீ.; கிடைக்கும் ஒரே வண்டி வைத்ததுதான் விலை.

குளிரைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். டிசம்பர் இரவில் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இறங்கும். முகாமில் கனமான போர்வை தருவார்கள், ஆளுக்கு மூன்று கேளுங்கள். கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வானிலை அறிக்கையில் மழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2018 அக்டோபரில் சாக்கடல் அருகே திடீர் வெள்ளத்தில் பள்ளிச் சுற்றுலா சென்ற பிள்ளைகள் உட்பட 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ பெய்த மழை பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். திறந்தவெளியில் படுப்பதானால் ஓடைப் படுகையை விட்டு, பாறை ஓரம் மேடான இடத்தில் படுங்கள்.

ரொக்கமாகத் தினார் எடுத்துப் போங்கள், கிராமத்தில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம். ஞாயிறு வகுப்பு இருப்பதால் சனி மதியம் அகபாவுக்கு வந்து பேருந்து பிடிப்பது நல்லது. அந்த டிக்கெட்டை வியாழன் அன்றே அம்மானில் வாங்கிவிடுங்கள். சனி மாலை அகபாவில் இடம் கிடைப்பது கஷ்டம்.