கடன் வாங்கி ஏஐ படிப்பு வேண்டாம்

ஐயா, மகனைக் கடன் வாங்கியாவது ஏஐ படிக்க வைக்கலாமா என்று கேட்டீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மகனை ஏஐ மேற்படிப்பில் சேர்க்கச் சொல்லும் மைத்துனர் பேச்சைக் கேட்காதீர்கள். தவணை கட்டப்போவது நீங்கள். கோர்ஸ் பெயரைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை.

ராத்திரியெல்லாம் கருப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான் என்றீர்கள். அவனிடமே கேட்டேன். டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஒரு பழைய பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) ஏன் பில்ட் ஆகவில்லை, அதாவது எழுதிய நிரல் ஏன் ஓடும் மென்பொருளாக மாறவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறான். அது வெட்டிவேலை இல்லை, ஒரு தொழில்.

1993இல் தொடங்கிய டெபியனைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அதிலுள்ள பேக்கேஜ்கள் இன்டெல், ஏஆர்எம், ஐபிஎம் மெயின்பிரேம் என்று பல வகைக் கணினிகளில் பில்ட் ஆக வேண்டும். 2025இல் வந்த டெபியன் 13இல் ரிஸ்க்-5 என்ற சிப் வகையும் சேர்ந்துவிட்டது. நிரலை மென்பொருளாக மாற்றும் கருவியான ஜிசிசியின் 14ஆம் பதிப்பு 2024இல் வெளியானது. அது, முன்பே அறிவிக்காத ஃபங்ஷனை (நிரல் துண்டை) அழைத்தால் எச்சரிப்பதோடு விடாமல் பிழை என்று நிறுத்திவிடுகிறது. வருஷக்கணக்காக ஒழுங்காக இருந்த பேக்கேஜ்கள் பல உடைந்தன. பல இடங்களில், ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் என்ற ஃபைல் விட்டுப்போயிருக்கும், அதைச் சேர்த்தாலே போதும். எந்த ஹெடர் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை.

உங்கள் மகன் பிடித்தது இன்னும் நுட்பமானது. சி நிரல் மொழியில் ஓர் எழுத்தை வைக்கும் ‘சார்’ வகை இன்டெல் லினக்ஸில் மைனஸ் எண்ணையும் ஏற்கும், ஏஆர்எம் லினக்ஸில் ஏற்காது. ஃபைல் முடிந்ததா என்று -1ஐ வைத்துப் பார்க்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) இன்டெலில் நின்றது, ஏஆர்எம்மில் நிற்காமல் சுற்றியது. ‘சார்’ என்றிருந்ததை, எங்கும் மைனஸ் எண்ணை ஏற்கும் ‘இன்ட்’ என்று மாற்றியிருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைக் கண்ட பிள்ளையை வேறு பக்கம் இழுக்காதீர்கள்.

டெபியன் சம்பளம் தராது. ரெட் ஹாட், சூசே, கனோனிக்கல் போன்ற லினக்ஸ் நிறுவனங்கள் இதே வேலைக்குச் சம்பளம் தருகின்றன. முதல் இரண்டுக்கும் பெங்களூருவில் அலுவலகம் உண்டு. ஆனால் புதியவர்களுக்கு இடம் குறைவு. அதனால் முதல் வேலையை எம்பெடட் (கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கான மென்பொருள்) நிறுவனங்களிலும், மென்பொருளைத் தொகுத்து வெளியிடும் பில்ட்-ரிலீஸ் பிரிவுகளிலும் தேடட்டும்.

செலவா? பதினாறு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதும். வேறு வகைக் கணினி எதையும் வாங்க விடாதீர்கள். வேறு வகைக் கணினிபோல நடிக்கும் கியூஇமு மென்பொருள் இலவசம், அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பராமரிக்க ஆளில்லாத பேக்கேஜ்களின் பட்டியல் டெபியனிலேயே இருக்கிறது. அவனுக்குப் பிடித்த ஒன்றை எடுக்கட்டும். அவன் அனுப்பும் பேட்ச் (நிரல் திருத்தம்) ஏற்கப்பட்டால் அதன் இணைப்பைப் பயோடேட்டாவில் போடட்டும். பக் ரிப்போர்ட் (பிழை அறிக்கை) தெளிவாக எழுத ஆங்கிலம் வேண்டும், அதற்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.