“வீட்டை நீயே வச்சுக்கோ” என்கிறார் கணவர்: வங்கி ஒப்புக்கொள்ளுமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் தனியார் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ரூ.52,000. நானும் கணவரும் 2019 டிசம்பரில் இருவர் பெயரிலும் ரூ.38 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் வாங்கினோம். ரூ.8 லட்சம் கையிலிருந்து போட்டோம். அதில் 5 லட்சம் என் நகைகளை விற்ற பணம். மீதி 30 லட்சத்துக்குக் கூட்டாக வீட்டுக்கடன். 20 வருடம், 8.5% வட்டி, இஎம்ஐ ரூ.26,035. இன்னும் 25.5 லட்சம் பாக்கி. வீடு இப்போது 48 லட்சம் வரை போகும் என்கிறார்கள். எட்டு மாதமாகப் பிரிந்து இருக்கிறோம். பேசி முடித்து விவாகரத்து வாங்க இருவருக்கும் சம்மதம். ஆனால், அவர் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்த இஎம்ஐ இரண்டு மாதமாகப் போகவில்லை. “வீட்டை நீயே வச்சுக்கோ, லோனையும் நீயே கட்டிக்கோ, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதித் தர்றேன்” என்கிறார். இதுபோக, அவர் தொழிலுக்காக என் பெயரில் எடுத்த பர்சனல் லோன் பாக்கி 2.75 லட்சம் (இஎம்ஐ ரூ.10,930), என் கிரெடிட் கார்டில் ரூ.85,000, அவர் பெயரில் அடகில் இருக்கும் என் 8 பவுன் நகை என்று வரிசையாக நிற்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த இரண்டு இஎம்ஐ. வக்கீலைப் பார்ப்பது, கணவரிடம் பேசுவது எல்லாம் அப்புறம். தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் அது வாராக்கடன். அதன்பின் வங்கி சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்கும் பணம் வராவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கலாம். நீங்கள் இப்போது அந்த 90 நாளுக்குள் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டீர்கள். கணவர் கணக்கில் பணத்தைப் போட்டு அதிலிருந்து பிடிக்கட்டும் என்று விடாதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கே கட்டுங்கள். வீட்டுக்கு யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பேச்சு பின்னால் வரும்போது உங்கள் பாஸ்புக்கே சாட்சி சொல்லும். கிளைக்குப் போய் ஆட்டோ டெபிட்டையும் உங்கள் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

அவர் கட்டவேண்டியதை நான் ஏன் கட்டவேண்டும் என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் கூட்டுக்கடனில் ‘உன் பாதி, என் பாதி’ என்பதே கிடையாது. ஒப்பந்தத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுக்கடனுக்கும் பொறுப்பு என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அவர் கட்டாவிட்டால் முழு 25.5 லட்சத்தையும் உங்களிடம் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. உங்களை விட்டுவிட்டு அவரிடம் கேட்கவும் உண்டு. தவணை தவறியது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறும்போது அவருடையதிலும் ஏறும். தொழில் செய்கிறவர், நாளைக்கு அவருக்கும் கடன் தேவைப்படும். இதைச் சண்டையாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லிப் பாருங்கள், சில சமயம் வேலை செய்கிறது.

இனி அந்த ஸ்டாம்ப் பேப்பர் விஷயம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டுப் பத்திரம் ஒரு விஷயம், வீட்டுக்கடன் இன்னொரு விஷயம். பத்திரத்தில் அவருக்குள்ள பாதி உரிமை உங்களுக்கு வர வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) செட்டில்மென்ட் பத்திரமோ (குடும்பத்துக்குள் எழுதி வைப்பது) வேண்டும். பதிவாகாத தாளில் எத்தனை கையெழுத்து இருந்தாலும் அந்தப் பாதி அவருடையதுதான். கடனிலிருந்து அவர் பெயர் வெளியே போக வேண்டுமென்றால் அதை வங்கி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் இருவரும் உங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும், ஏன், குடும்ப நீதிமன்றத் தீர்ப்பிலேயே ‘கடனை மனைவி கட்டுவார்’ என்று வந்தாலும், அது உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும். அந்த வழக்கில் வங்கி ஒரு தரப்பே இல்லை.

ஆகவே பத்திரமும் கடனும் சேர்ந்தே நகர வேண்டும். பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டால் தனக்கு உரிமை இல்லாத வீட்டின் கடனுக்கு அவர் பொறுப்பாக நிற்பார். கடனை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றினால் பாதி அவருடைய வீட்டுக்கு நீங்கள் மட்டும் 14 வருடம் கட்டுவீர்கள்.

சரி, உங்கள் ஒருவர் பெயரில் வங்கி கடனைத் தருமா? இன்றைய நிலையில் தராது. எல்லா இஎம்ஐயும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குள் இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான வங்கிகள் பார்க்கும். உங்களுக்கு வீட்டுக்கடன், பர்சனல் லோன் இரண்டும் சேர்ந்து ரூ.36,965, சம்பளத்தில் 71 சதவீதம். பர்சனல் லோன் ஒன்று முடிந்தாலே இது 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதோடு, பாக்கித் தொகையை 14 வருடத்துக்குப் பதிலாக 20 வருடத்துக்கு நீட்டிக் கேட்டால் இஎம்ஐ சுமார் ரூ.22,130 ஆகும், 43 சதவீதம். உங்களுக்கு அப்போது 56 வயதுதான் என்பதால் வங்கி யோசிக்காது. நீட்டினால் மொத்த வட்டி 9 லட்சத்துக்கு மேல் கூடும், அது உண்மை. ஆனால் தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. இப்போது நீட்டி வாங்கிக்கொண்டு, கை நிமிர்ந்ததும் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஒரு சின்ன சந்தேகம். 8.5% என்று எழுதியிருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் டிசம்பருக்குள் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, 6.5 சதவீதத்திலிருந்து 5.25 வரை இறக்கியது. வங்கியில் ரெப்போவோடு இணைந்த கடன் என்றால் உங்கள் வட்டியும் இறங்கியிருக்க வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனம் என்றால் அவர்கள் தாமாக அந்த அளவுக்கு இறக்காமல் இருந்திருக்கலாம். ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பார்கள், கேட்க வேண்டும். 7.75 சதவீதத்துக்கு வந்தாலே இதே 14 வருடத்துக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். இறங்க மறுத்தால், உங்கள் தனிப் பெயரில் வேறொரு வங்கிக்குக் கடனை மாற்றுவதைப் பற்றி விசாரியுங்கள். கணவர் பெயரை நீக்க பழைய வங்கியோடு மல்லுக்கட்டுவதைவிட இது பல சமயம் சுலபம். பழைய கடன் முடிந்தே போய்விடும், அதோடு அவர் பொறுப்பும்.

அப்படியானால் பர்சனல் லோனை முடிக்கப் பணம்? அவர் தொழிலுக்குப் போன பணம் என்றாலும் கடன் கொடுத்தவர் உங்களைத்தான் பிடிப்பார், அதில் மாற்றமில்லை. அதே சமயம், அந்தத் தொகை உங்கள் கணக்குக்கு வந்து உடனே அவர் கணக்குக்குப் போயிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். ஜீவனாம்சம் கேட்டு வழக்கு என்று போனால் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் இந்த ஸ்டேட்மென்ட் பேசும். அதுவரை போகாமல், சமாதானப் பேச்சிலேயே ‘25.5 லட்சம் பொறுப்பிலிருந்து உங்களை வெளியே எடுக்கிறேன், இந்த 2.75 லட்சத்தை நீங்கள் அடைத்துவிடுங்கள்’ என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். 48 லட்சத்தில் கடன் போக 22.5 லட்சம் இந்த வீட்டில் நிற்கிறது. ‘நீயே வச்சுக்கோ’ என்பதன் பொருள், 11 லட்சத்துக்கு மேல் விட்டுக்கொடுக்கிறார் என்பது. உங்கள் நகைப் பணம் 5 லட்சத்தைக் கழித்துப் பார்த்தாலும் அது சின்னத் தொகை இல்லை. கோபத்தில் சொல்கிறாரா, கணக்குப் பார்த்துச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கைக் காகிதத்தில் போட்டு அவரிடமே காட்டிவிடுங்கள். தெரியாமல் கையெழுத்துப் போட்டவர் பின்னால் ‘ஏமாற்றிவிட்டாள்’ என்று பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், வீட்டை விற்கவும் முடியாது, வேறு கடன் வாங்கவும் முடியாது.

கிரெடிட் கார்டுக்கு வருவோம். உங்கள் கார்டு கணக்கிலேயே அவருக்கு வாங்கிய ஆட்-ஆன் கார்டு இருந்தால் இன்றைக்கே பிளாக் செய்யுங்கள். அவர் தேய்ப்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 85,000க்கு ரூ.2,975, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக ரூ.3,510. குறைந்தபட்சத் தொகை என்று நீங்கள் ரூ.4,500 கட்டினால் கடன் ஆயிரம் ரூபாய்கூடக் குறைவதில்லை. பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றித் தரச் சொன்னால் வட்டி பெரும்பாலும் பாதிக்குக் கீழே வந்துவிடும். ‘50 ஆயிரம் கட்டுங்கள், செட்டில் பண்ணிவிடலாம்’ என்று போன் வந்தால் சம்மதிக்காதீர்கள். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழுந்தால், தனிப் பெயரில் வீட்டுக்கடன் கேட்கப்போகும் நேரத்தில் அது உங்களுக்கு எதிராக நிற்கும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி; அம்மா வீட்டுக்குப் போன் போட்டு மிரட்டவும் கூடாது.

நகையும் அவசரமான விஷயம்தான். உங்கள் நகையானாலும் அடகு வைத்தவர் அவர், ஆகவே அவர் வந்தால்தான் மீட்க முடியும். கெடு தாண்டினால் ஏலம். கெடு தேதி என்ன, வட்டி எதுவரை கட்டியிருக்கிறது என்று அவரிடம் ரசீதைக் கேட்டுப் பாருங்கள். இருவரும் ஒரே நாளில் கிளைக்குப் போய், கடனைக் கட்டி நகையை மீட்டு, உடனே உங்கள் பெயரில் திரும்ப வையுங்கள். அன்றைக்கு மட்டும் புரட்ட வேண்டிய பணத்தை வீட்டில் யாரிடமாவது கைமாற்று வாங்கலாம், சாயங்காலத்துக்குள் திருப்பிவிடலாம். தங்கம் ஏறியிருக்கும் ஏற்றத்தில் அதே 8 பவுனுக்கு முன்பைவிடக் கூடுதல் தொகை கிடைக்கும். அந்தக் கூடுதலில் கார்டு பாக்கியை முதலில் அடையுங்கள். மிஞ்சினால் பர்சனல் லோனுக்கு. அவர் வரவே மாட்டேன் என்றால், நகை உங்களுடையது என்று பில்லின் நகலோடு கிளைக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டு வக்கீலிடம் போங்கள்.

பத்திரப் பதிவை எப்போது செய்வது என்பதில் பெரும் தொகை இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலை, செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் ரூ.40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் ரூ.10,000. அவருடைய பாதியை 24 லட்சம் என்று வைத்தால் உங்களுக்கு ஆவது சுமார் ரூ.34,000. கணவன் மனைவியாக இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. தீர்ப்பு வந்தபின் சட்டத்தின் கண்ணில் நீங்கள் குடும்பம் இல்லை. வெளியாருக்கு எழுதுவதுபோல 7 சதவீதம் என்று போனால் முத்திரைத் தீர்வை மட்டுமே ரூ.1.68 லட்சம். சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஆறு மாதம் இருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் கூடுதலாகக் கையில் உண்டு. இந்தப் பத்து மாதத்துக்குள் கடன் மாற்றம், பதிவு இரண்டையும் முடித்துவிடப் பாருங்கள். அசல் பத்திரம் வங்கியில் இருப்பதால் தடையின்மைக் கடிதம் இல்லாமல் பதிவு நகராது. அதையும் சேர்த்தே கேளுங்கள். சம்மத மனுவில் இந்தப் பத்திர எண்ணைக் குறிப்பிடச் சொல்லி வக்கீலிடம் சொல்லுங்கள்.

எந்த வங்கியும் தனிப் பெயரில் தரவில்லை என்றால் விற்றுவிடுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் 52,000 சம்பளத்தில் 37,000 இஎம்ஐ கட்டிக்கொண்டு, அவர் எப்போது கையெழுத்துப் போடுவார் என்று காத்திருப்பது அதைவிடக் கஷ்டம். வரி பயம் வேண்டாம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்குப் பணவீக்கக் குறியீட்டு முறையையும் தேர்ந்தெடுக்கலாம், அதாவது வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கேற்ப உயர்த்தி லாபத்தைக் கணக்கிடலாம். 2025-26இன் குறியீடு 376, நீங்கள் வாங்கிய 2019-20க்கு 289. அதன்படி 38 லட்சம் 49 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 48க்கு விற்றால் வரிக்கு லாபமே இல்லை. வாங்குகிறவரின் வங்கியே உங்கள் கடனை நேராக அடைத்துவிடும். அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் வந்தாக வேண்டும், தாமதம் வங்கியின் தவறால் என்றால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 உங்களுக்கு இழப்பீடு. அடமானப் பதிவை ரத்து செய்யும் ரசீதையும் பதிவு செய்துவிட்டு, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் வங்கிக்குப் போகும்போது கடன் கணக்கு ஸ்டேட்மென்ட், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், கிரெடிட் ரிப்போர்ட் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்கிலும் வருடத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் இலவசம். நீங்கள் மறந்துபோன ஜாமீன் கையெழுத்து ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும். கேட்பதை வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) செலவில்லாமல் புகார் செய்யலாம். அதற்கு அந்த முத்திரை வைத்த நகல் தேவைப்படும்.