முதல் வில் முறியாமல் இருக்க

(மரவில் செய்யத் தொடங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்)

வில் செய்ய எந்த மரம் வாங்க வேண்டும்? மரக்கடைப் பலகையில் செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

தாராளமாக முடியும். மரத்தின் பெயரைவிட அதன் நாரோட்டம்தான் முக்கியம். வெளிநாட்டு மரம் விற்கும் கடைகளில் ஆஷ், ஹிக்கரி, வெள்ளை ஓக் கிடைக்கும். முதல் வில்லுக்கு இந்த மூன்றில் எதுவானாலும் சரி. 6 அடி நீளம், 2 அங்குல அகலம், முக்கால் அங்குல கனம் போதும்.

பலகையை வெளிச்சத்தில் பிடித்து ரேகைகளைப் பாருங்கள். ஒரு முனையில் தொடங்கிய ரேகை மறுமுனைவரை ஓட வேண்டும். பாதி வழியில் ஓரத்தைத் தொட்டு வெளியேறினால் நார் அங்கே அறுந்திருக்கிறது என்று பொருள். வில் அந்த இடத்தில்தான் பிளக்கும். அகல முகத்தில் நேராக இருந்து பக்க முகத்தில் சாய்ந்து ஓடும் பலகைகள் நிறைய உண்டு, அதனால் இரண்டு முகங்களையும் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்குக் கணு இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். முப்பது பலகையைப் புரட்டி ஒன்றை எடுப்பது வீண் வேலை இல்லை. முறியும் வில்களில் பெரும்பாலானவை கடையிலேயே முறிந்துவிட்டவை.

நம் மலைகளில் வளரும் தடசு (சடச்சி என்பதும் இதுதான்) நன்றாக வளைந்து நிமிரும் மரம். வில்லுக்கும் தோளில் சுமக்கும் தண்டுக்கும் காலங்காலமாகப் பயன்பட்டது. ஆனால் காட்டு மரத்தில் கைவைக்காதீர்கள். முறையாக வெட்டி விற்கப்படும் மரம் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பனையில் வில் செய்தார்கள் என்பது உண்மையா?
– வாசகர், ராமநாதபுரம்

உண்மை. பனை, மூங்கில், மரம், கொம்பு என்று வில்லுக்கான பொருள்கள் நான்கை அர்த்தசாஸ்திரம் சொல்கிறது. முதிர்ந்த பனையில் வெளிப்புறத்தில் இருக்கும் கறுத்த வைரம் மட்டும்தான் உதவும். உள்ளே போகப்போக வெறும் சோறு. அந்த வைரமும் கம்பிகளை மெத்தென்ற மாவில் பதித்ததுபோன்ற அமைப்பு. ராவும்போது கம்பி கம்பியாகச் சிலாம்பு எழுந்து விரலில் ஏறும். இரண்டு மூன்று வில் முடித்த பிறகு முயலுங்கள்.

கல்மூங்கிலில் வில் செய்கிறேன். எந்தப் பக்கம் சீவுவது, எந்தப் பக்கம் விடுவது?
– தச்சர், நாகர்கோவில்

வில்லில் எய்பவரைப் பார்த்திருப்பது வயிறு, இலக்கைப் பார்த்திருப்பது முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். மூங்கிலின் வெளித்தோலில்தான் நார் அடர்த்தி, ஆகவே தோல் பக்கம் முதுகாக அமையட்டும். அதில் உளி படவே கூடாது. கணுவின் மேல் எழும்பி நிற்கும் வளையத்தை உப்புத்தாளால் மென்மையாக்கலாம், தட்டையாக்கக் கூடாது. சீவல் எல்லாம் உட்பக்கத்தில்தான். கணு வரும் இடத்தில் நார் நெளிந்து ஓடுவதால் அங்கே கனத்தைக் கொஞ்சம் கூடவே விடுங்கள்.

3, 4 வயதான மூங்கில் வேண்டும். இளசு நசுங்கும், பொடிவண்டும் ஏறும். பிளந்து நிழலில் காயப் போடுங்கள். முழுக்கழியாகக் காயவைத்தால் வெடிக்கும். மூங்கிலின் முதுகு வயிற்றைவிடப் பலசாலி என்பதால் முதலில் களைப்பது வயிறுதான். வேலை பாதி முடிந்ததும் வயிற்றுப் பக்கத்தை அனலில் காட்டி வறுப்பது அதற்காகவே. நிறம் வறுத்த காப்பிக்கொட்டை அளவுக்கு மாறினால் போதும், கரியக் கூடாது. வறுத்த சூட்டோடு வளைத்துப் பார்க்காதீர்கள். உலர்ந்துபோன மரம் காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப வாங்க நாலைந்து நாள் வேண்டும்.

40 பவுண்டு பலகை வில்லுக்கு அளவு சொல்லுங்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

40 பவுண்டு என்பது நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை. 28 அங்குலம் இழுப்பவருக்கு ஒரு குதையிலிருந்து (நாண் மாட்டும் வெட்டு) மறுகுதைவரை 66 அங்குலம். நடுவில் பிடி 4 அங்குலம். பிடியின் இருபுறமும் 2 அங்குலச் சரிவு. சரிவு முடியும் இடத்தில் அகலம் ஒன்றே முக்கால் அங்குலம். அதே அகலம் பாதி தூரம் வந்து, பிறகு ஒரே சீராகக் குறைந்து முனையில் அரை அங்குலமாகட்டும். கனம் சரிவருகே 16 மில்லிமீட்டர், முனையருகே 12. இது தொடக்க அளவுதான். வேலை முடிகையில் இரண்டும் இன்னும் இறங்கியிருக்கும்.

முக்கால் அங்குலப் பலகையில் பிடி கைக்கு மெலிதாக இருக்கும். 8 அங்குலத் துண்டு ஒன்றைப் பசைபோட்டு ஒட்டி, அதன் இரு முனைகளையும் சரிவாக்குங்கள். பிடிப் பகுதி துளி வளைந்தாலும் ஒட்டு விட்டுப்போகும். ஆகவே ஒட்டிய துண்டு முடியும் இடத்தைச் சுரண்டி மெலிதாக்கிவிடாதீர்கள்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்றாகிவிடும். கனத்தில் பத்தில் ஒரு பங்கு போனாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அகலத்தில் வரும் பிழையை மரம் பொறுக்கும், கனத்தில் வருவதைப் பொறுக்காது.

ஆசானிடம் கற்கிறேன். "வளைவைப் பார், வளைவைப் பார்" என்கிறார். எனக்கு எல்லாம் ஒரே வளைவாகத்தான் தெரிகிறது. என்ன பார்ப்பது?
– வாசகர், மதுரை

உங்கள் ஆசான் சொல்வதில்தான் வில் வேலையே இருக்கிறது. வெட்டுவது ஒரு நாள் வேலை, வளைவைச் சமன் செய்வது பல நாள் வேலை. ஆங்கிலத்தில் டில்லரிங் என்பார்கள்.

முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, பிடியில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். மேல் பாதி, கீழ் பாதி இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தும்போது எது கல்லாக நிற்கிறது என்று கை சொல்லும். இந்த நிலையில் அரம் பயன்படுத்தலாம். இரண்டும் ஒத்து வளைந்த பிறகு குதை வெட்டி, வில்லைவிட நீளமான நாணைத் தொய்வாகக் கட்டுங்கள். சுவரோரமாக நிறுத்திய கட்டையின் தலையில் பிடியை வைத்து, கீழே கப்பி மாட்டி, கயிற்றால் நாணை இழுக்க வேண்டும். இடையில் கொக்கித் தராசு ஒன்றைக் கோத்துவிடுங்கள். நீங்கள் பத்தடி தள்ளி நின்று இழுத்தால்தான் முழு வளைவும் கண்ணில் படும்.

கண்ணுக்குப் பிடிபடவில்லையா? 6 அங்குல நேர்க்கட்டை ஒன்றை எடுத்து நடுவில் துளையிட்டு, பென்சில் முனை மயிரிழை வெளியே நீட்டி நிற்கும்படி செருகுங்கள். வில்லை இழுத்து நிறுத்தி, இந்தக் கட்டையை வயிற்றின்மேல் சரிவிலிருந்து முனைவரை நகர்த்துங்கள். மரம் வளைந்திருக்கும் இடத்தில் கட்டையின் இரு முனைகளும் தொட்டு நடு தூக்கி நிற்கும், பென்சில் படாது. விறைத்த இடத்தில் பென்சில் கோடு போடும். கோடு விழுந்த இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். இழுத்தபடி நெடுநேரம் நிறுத்தாதீர்கள். கோடு போட்டதும் தளர்த்திவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் அரத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லையோ சுரண்டு தகட்டையோ எடுக்க வேண்டும். பத்துச் சுரண்டல், பிறகு அதுவரை எட்டிய தூரத்துக்குள் முப்பது முறை மெல்ல இழுத்து விடுதல். நீங்கள் எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது. இழுத்து இழுத்துத்தான் வெளியே வரும். இதற்குப் பொறுமையில்லாமல் மறுபடி சுரண்டுபவர்தான் 40 பவுண்டுக்குத் தொடங்கி 25-இல் முடிப்பார்.

இலக்கு 40 என்றால் எந்த நிலையிலும் தராசு 40-ஐத் தாண்டக் கூடாது. 18 அங்குலத்திலேயே 40 வந்துவிட்டால் அத்தோடு நிறுத்திச் சுரண்டுங்கள். முனைகள் ஐந்தாறு அங்குலம் இறங்கியதும் குட்டை நாண் போட்டு 3 அங்குல உயரத்துக்கு நாணேற்றி, வளைவு ஒத்துவந்த பின் 6 அங்குலத்துக்கு ஏற்றுங்கள். முஷ்டியை மடக்கிக் கட்டைவிரலைத் தூக்கினால் அதுதான் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. அதன்பின் ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக 28 வரை. கடைசியில் மட்டும் 40-க்கு மேல் 2, 3 பவுண்டு கூட வைத்திருங்கள், உப்புத்தாள் போடும்போது அது போய்விடும்.

நாணேற்றிய நிலையில் இரு சரிவுகளிலிருந்தும் நாணுக்கு உள்ள தூரத்தை அளந்தால் மேல் பாதியில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூட இருக்க வேண்டும். கையின் அழுத்தம் பிடியின் நடுவுக்குக் கீழே விழுவதால் கீழ் பாதி சற்று விறைப்பாக இருப்பதே சரி.

ஓர் இடத்தில் மட்டும் மடிகிறது. வயிற்றில் நகத்தால் கீறியதுபோல் குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. சரிசெய்ய முடியுமா?
– வாசகர், சேலம்

முதலில் சொன்னது கீல் விழுதல். அந்த இடத்தைத் தொடாமல் மற்ற இடங்களையெல்லாம் சுரண்டி, அவையும் அதே அளவு வளையும்படி செய்ய வேண்டும். பவுண்டு இறங்கும், வில் பிழைக்கும். குறுக்குக் கோடுகளோ நார் நசுங்கிவிட்டதன் அடையாளம், அது திரும்பாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் பளுவைக் குறைத்துப் பயன்படுத்தலாம். தடுக்கினால் அந்த வில்லை இழுக்காதீர்கள். முதுகில் சிலாம்பு எழுந்திருந்தால் உடனடிப் பசை ஊற்றி அழுத்தி, காய்ந்ததும் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். சிறு சிலாம்புக்கு இது போதும். நீளமாக ஓடியிருந்தால் போதாது.

நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கிறது. சென்னையில் இருக்கிறேன்.
– வாசகி

வில்லில் கூன் விழுந்திருக்கிறது. ஓர் அங்குலம் வரை எல்லா மரவில்லுக்கும் வரும். இரண்டைத் தாண்டினால் மரம் ஈரமாக இருந்திருக்கிறது, அல்லது அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது. வில்லுக்கு ஈரம் 8 முதல் 10 சதவீதம் வேண்டும். கடலோரக் காற்றில் அது தானாக அமையாது. அட்டைப்பெட்டிகளை நீளமாக இணைத்து, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மரத்தில் படாமல் உள்ளே தொங்கவிட்டு, காற்றுப் போகத் துளையிட்டு, பலகையை அதில் வையுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாதபோது பல்பை அணைத்துவிடுங்கள். தினமும் எடை போட்டு வந்தால், தொடர்ந்து நாலைந்து நாள் எடை மாறாதபோது காய்ந்துவிட்டது எனலாம். ஆனால் 6 சதவீதத்துக்குக் கீழே போனால் மரம் மொறுமொறுத்து முறியும். முடித்த வில்லுக்கு ஆளிவிதை எண்ணெய் ஐந்தாறு பூச்சு, மேலே மெழுகு. நாணைக் கழற்றி இரண்டு முளைகளில் படுக்கவாட்டில் வையுங்கள். மூலையில் சாய்த்து வைக்காதீர்கள்.

நாணுக்கு எந்த நூல்?
– பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி

40 பவுண்டு வில்லுக்கு பி-50 டாக்ரான் (பாலியஸ்டர்) நூல் 12 இழை. நைலான் வேண்டாம், இழுத்தால் நீண்டுவிடும். பழைய முறை வேண்டுமானால் மருள் நார் இருக்கிறது. வடமொழியில் அதற்கு மூர்வா என்று பெயர். நாணுக்கு மௌர்வி என்ற சொல் அதிலிருந்து வந்தது. நடு இந்தியாவின் பில், கிழக்கு இந்தியாவின் சந்தால் மக்கள் மூங்கில் பட்டையையே நாணாகக் கட்டுவார்கள்.

பக்கத்தில் வில் ஆசான் யாரும் இல்லை. தூரத்தில் இருப்பவரிடம் படம் அனுப்பிக் கற்க முடியுமா?
– வாசகர், தர்மபுரி

முடியும், படம் சரியாக இருந்தால். வெறும் சுவரின் முன்னால், கேமராவைப் பிடியின் உயரத்தில் நேருக்கு நேர் வைத்து மூன்று படம் எடுங்கள்: நாணில்லாமல், நாணேற்றி, அதுவரை இழுத்த தூரத்தில். இழுத்த படத்தை மட்டும் அனுப்பினால், பலகையில் முன்பே இருந்த வளைவு எது, இழுத்ததால் வந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. தராசு காட்டிய எண்ணையும் அங்குலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்று இடங்களில் அவரைக் கேட்காமல் நகராதீர்கள்: பலகை வாங்கும் முன், முதல் முறை நாணேற்றும் முன், 20 அங்குலத்தைத் தாண்டும் முன். உங்கள் ஊர்த் தச்சரையும் விடாதீர்கள். வளைவு அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், நாரோட்டம் அவருக்குக் கைவந்தது. இழைப்புளி பிடிக்க அவரிடம்தான் கற்க வேண்டும்.

வில் முடிந்ததும் அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் மரத்திலேயே இறங்கி வில்லைப் பிளந்துவிடும்.