பென்குயின் கடிக்குமா அக்கா? கேள்வி பதில்

நான் காசிமேட்டில் பிறந்தவள், இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. 2022 அக்டோபர் கடைசியில் கிளம்பி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டேபிள் வியூ பகுதியில் இருக்கும் சான்காப் கடற்பறவை மருத்துவமனையில் ஆறு வாரம் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் இறங்கி, கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்ற படங்கள் வந்தன. அன்றிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூர், கல்லூரி மாணவி: அக்கா, பென்குயினைத் தூக்கிக் கொஞ்ச விடுவாங்களா?

மாட்டார்கள். தூக்கலாம், கொஞ்ச முடியாது. முதல் வாரம் தூக்குவதும் கிடையாது. பாய் கழுவுவது, துண்டு துவைப்பது, ஊசிக்குழாய் கழுவுவது, எச்சம் சுரண்டுவது, இவ்வளவுதான். ரப்பர் பூட்ஸும் தண்ணீர் புகாத கால்சட்டையும் போட்டுக்கொண்டு காலையில் நுழைந்தால் சாயங்காலம் வரை ஈரம்தான். உள்ளே போகும்போதும் வரும்போதும் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பயம் அங்கே நிஜமானது.

கொஞ்சக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. குணமானதும் கடலுக்குத் திரும்ப வேண்டிய உயிர் அது. ஆளைப் பார்த்தால் ஓடிவரும் பழக்கம் வந்துவிட்டால் பிழைக்காது. அதனால் அதனிடம் பேசக்கூட விட மாட்டார்கள். ஒரு நாள் வாய் தவறி ‘வாடா கண்ணு’ என்று சொல்லிவிட்டு, மேற்பார்வை அம்மாவிடம் பார்வையாலேயே திட்டு வாங்கினேன்.

கடிக்குமா என்றால், கடிக்கும். அலகின் ஓரம் கத்தரிக்கோல் மாதிரி. என் இடது முழங்கைக்குக் கீழே இன்னும் தழும்பு இருக்கிறது. கத்துவது கழுதை கத்துவது போலவே இருக்கும். அந்த ஊரில் பழைய பெயரே கழுதைப் பென்குயின்தான்.

வியாசர்பாடி, தம்பி ஒருவர்: நான் பி.காம். கால்நடை மருத்துவம் படிக்காதவனைச் சேர்ப்பாங்களா?

சேர்ப்பார்கள், தம்பி. மருந்து, ஊசி, அறுவை எல்லாம் மருத்துவரும் பயிற்சி பெற்றவர்களும் பார்த்துக்கொள்வார்கள். நமக்குத் தேவை 18 வயது, குனிந்து நிமிரும் உடம்பு, சொன்னதைச் செய்யும் புத்தி.

எனக்குக் கைகொடுத்தது படிப்பு இல்லை, எங்கள் ஆயா. அவர் கூடை சுமந்து மீன் விற்றவர். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, உறைந்த மத்திப் பெட்டி ஒன்றை உருகவைத்து எங்கள் முன்னால் கொட்டினார்கள். அங்கே அதற்குப் பில்சார்ட் என்று பெயர், எனக்கு மத்திதான். வயிறு கிழிந்தது, செதில் உதிர்ந்தது, கண் குழிந்தது எல்லாவற்றையும் தனியே ஒதுக்கி, முழு மீனை அளவுவாரியாக அடுக்க வேண்டும். கிழிந்தவை அரைத்துக் குழாய் வழியே ஊட்டும் கூழுக்குப் போகும். பக்கத்தில் ஒரு ஜெர்மன் பெண் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தானாகப் போனது. செவுளை விரல் நுனியால் தூக்கிப் பார்த்து வீசுவதுதானே, எட்டு வயதிலிருந்து செய்வது. பெட்டி காலியானதும் மேற்பார்வை அம்மா ‘நீ எங்கிருந்து வருகிறாய்’ என்று கேட்டார். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் என்றேன். மறுநாளிலிருந்து மீன் அறை என் பொறுப்பு. பெருமைதான், ஆனால் குளிர் விரலைக் கொன்றுவிடும்.

ஊட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்து பறவையை இரண்டு முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, பின்னாலிருந்து தலையைப் பிடித்து, விரலால் அலகைத் திறந்து, மீனைத் தண்ணீரில் நனைத்துத் தலைப்பக்கமாக உள்ளே விட வேண்டும். வால்பக்கமாக விட்டால் செதிலும் முள்ளும் தொண்டையைக் கிழிக்கும். முதல் மீனின் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைச் செருகிவிடுவோம். உறையவைத்த மீனில் பி1 சத்து குறைந்துவிடுகிறது, அதை ஈடுகட்டத்தான்.

ராயபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: உழைப்பையும் கொடுத்து, பணத்தையும் நாமே கட்டுவதா? இது என்ன நியாயம்?

எனக்கும் முதலில் இதே கோபம்தான், ஐயா. உள்ளே போன பிறகு கணக்குப் புரிந்தது. ஒரு புது ஆளுக்குக் கற்றுத்தர அங்கே சம்பளத்துக்கு இருக்கும் ஒருவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார். நான் ஒழுங்காக வேலை பழகவே பத்து நாள் ஆனது. அதனால்தான் வெளிநாட்டுக்காரர்களிடம் ஆறு வாரத்துக்குக் குறையாமல் இருக்கச் சொல்கிறார்கள். மீனுக்கும் மருந்துக்கும் காசு வேண்டும். கட்டணம் நேராக மருத்துவமனைக்குப் போகிறதா, நடுவில் நிற்கும் ஆளுக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எனக்கு விமான டிக்கெட், தங்குமிடம், கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மூன்று வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். கடன் வாங்கிப் போகிற விஷயம் இல்லை இது.

கொருக்குப்பேட்டை: விசா, தடுப்பூசி பற்றிச் சொல்லுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் மெல்ல வேலையில் சேர்ந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போகும் இடத்திடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்கி, அதைக் காட்டி, எந்த வகை விசா என்று எழுத்தில் கேட்டு விண்ணப்பியுங்கள். டெட்டனஸ் ஊசி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், மேலே சொன்ன தழும்பு ஞாபகம் இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழில்தான் பலர் மாட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் தென்னாப்பிரிக்கா அந்தச் சான்றிதழ் கேட்காது. ஆனால் மலிவு டிக்கெட் என்று அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகளில் இருக்கும் அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் கேட்கும். திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் கேள்வி வரலாம். ஊசி போட நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை, ராஜாஜி சாலையில் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலேயே போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

பெரம்பூர்: என் தங்கைக்குச் சிங்கக்குட்டிக்குப் பால் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. படம் எல்லாம் அழகாக இருக்கிறது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள்.

தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை வருஷம் முழுக்கக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், வளர்ந்தவை எங்கே போகின்றன? மனிதருக்குப் பழகிய சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. தென்னாப்பிரிக்காவில் இப்படி வளர்ந்தவை வேலிக்குள் விட்டுச் சுடும் வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போனது பல வருஷமாகத் தெரிந்த கதை. காசு கட்டிப் பால் கொடுத்த பிள்ளைகளுக்கு ‘அனாதைக் குட்டி’ என்று சொல்லியிருப்பார்கள்.

எனக்கும் ஒரு முகவர் இப்படி ஒன்றைத் தள்ளப் பார்த்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் இழுத்தடித்தார், பாதிதான் திரும்பி வந்தது. அதிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: போன வருஷம் எத்தனை உயிரைத் திரும்ப வெளியே விட்டீர்கள்? உண்மையான இடம் எண்ணைச் சொல்லும், எத்தனை செத்தது என்பதையும் சொல்லும். மற்றவர்கள் படம் அனுப்புவார்கள்.

இலங்கைக் கடற்கரையில் ஆமைக்குஞ்சுகளைத் தொட்டியில் போட்டு, வருகிறவர் கையில் கொடுத்துப் படம் எடுக்கவிடும் இடங்களுக்கும் இதே பதில்தான். குஞ்சு பொரிந்ததும் வெறிபிடித்த மாதிரி நீந்தத்தான் அதன் உடம்பில் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சம் இருக்கிறது. தொட்டியில் சுற்றவிட்டு அந்தத் தெம்பைத் தீர்த்துவிட்டால், கடலில் விடும்போது ஒன்றும் இருக்காது.

எர்ணாவூர்: எண்ணெய் பட்ட கூழைக்கடாவைப் பார்த்தோம். உடனே சோப்புத் தண்ணீரில் கழுவியிருக்கலாமே? ஏன் எல்லாரும் தொடாதே என்றார்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பறவையின் இறகு ஒன்றோடொன்று கொக்கி போட்டு மூடிய கூரை மாதிரி. எண்ணெய் பட்டால் கொக்கி பிரிந்துவிடும். தண்ணீர் தோல் வரை இறங்கும், உடம்பு சில்லிடும். பறவை அலகால் கோதிக் கோதி எண்ணெயைத் தின்றும்விடும், குடல் புண்ணாகும். ஆக நம் கைக்கு வரும்போதே அது பட்டினி, குளிர், விஷம் மூன்றிலும் இருக்கிறது. அந்த நிலையில் பிடித்து அமுக்கிக் கழுவினால் அதிர்ச்சியிலேயே போய்விடும். முதலில் சூடு, அப்புறம் உப்புச்சத்துத் தண்ணீர், அப்புறம் உணவு. ரத்தப் பரிசோதனை சரி என்றால்தான் கழுவல். அதுவும் 40 டிகிரி வெந்நீரில், பாத்திரம் கழுவும் சோப்பில், ஒரு தொட்டி மாற்றி இன்னொரு தொட்டி. கழுவுவதைவிட அலசுவதில்தான் பொறுமை வேண்டும். சோப்புத் துளி மிச்சமிருந்தாலும் இறகு நனையும். நன்றாக அலசிய இடத்தில் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவது போல முத்து முத்தாக உருளும். அதைக் கண்ணால் பார்க்கும்போது வரும் நிம்மதி இருக்கிறதே!

சான்காப்புக்கு இதில் பெரிய சோதனை வந்தது 2000 ஜூனில். ட்ரெஷர் என்ற சரக்குக் கப்பல் கேப் டவுன் பக்கத்தில் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையே மூழ்கி, சுமார் 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. எண்ணெய் படாத இன்னொரு 19,500-ஐப் பிடித்து, 800 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை வீட்டுக்கு நீந்தி வருவதற்குள் இங்கே கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்ற கணக்கு. கணக்கு பலித்தது. நனைந்தவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பிழைத்தன, ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் வந்து கழுவியதால்.

2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது நம் பிள்ளைகளும்தான் வாளியால் எண்ணெய் அள்ளினார்கள். மனசு நம்மிடமும் இருந்தது. கையுறையும் கற்றுத்தர ஆளும்தான் இல்லை.

இனி அப்படி ஒன்றைப் பார்த்தால்: வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் பிடிக்கச் சொன்னால் மட்டும், துண்டைப் போர்த்திப் பிடித்து, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூழைக்கடாவின் அலகை ரப்பர் பேண்டாலோ கயிற்றாலோ இறுக்கிக் கட்டாதீர்கள். அது மூச்சுவிடுவது வாய் வழியாக. கேப் டவுனில் கேனட் என்ற வெள்ளைக் கடற்பறவையைப் பிடிக்கும்போது, இரண்டு அலகுக்கும் நடுவே ஒரு விரலைக் கொடுத்துத்தான் பிடிக்கச் சொல்லித் தந்தார்கள். அதற்கு வெளியே மூக்குத் துவாரமே கிடையாது.

காசிமேடு, விசைப்படகுக்காரர்: பறவைக்காக அங்க மீன்பிடியையே நிறுத்துறாங்களாமே தங்கச்சி. நாளைக்கு நம்ம வயித்துலயும் அடிப்பாங்களா?

அண்ணா, முழுக்க நிறுத்தவில்லை. ஆப்பிரிக்கப் பென்குயின் குஞ்சு வளர்க்கும்போது கூட்டைவிட்டு ரொம்பத் தூரம் போக முடியாது. பக்கத்தில் மத்தியும் நெத்திலியும் இல்லை என்றால் குஞ்சு பட்டினி. இப்போது 10,000 ஜோடிகூட இல்லை, 2024-இல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று அறிவித்துவிட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போய், 2025 மார்ச்சில் ஆறு முக்கிய இடங்களைச் சுற்றி மத்தி, நெத்திலிக்கு வலை போடத் தடை வந்தது. தடை யாருக்கு என்று பாருங்கள்: மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை போடும் பெரிய கம்பெனிப் படகுகளுக்கு. சுருக்குமடி வந்தால் மீன் குஞ்சுகூட மிஞ்சாது என்று நம் குப்பத்தில் எத்தனை சண்டை நடந்திருக்கிறது! அங்கே அதே வாதத்தைப் பென்குயினுக்காக வக்கீல் பேசியிருக்கிறார்.

மணலி: என் பாட்டி நன்றாகப் பின்னுவார். பென்குயினுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பலாமா?

ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில், எண்ணெய் பட்ட சின்ன இனப் பென்குயின்கள் இறகைக் கோதாமல் இருக்கப் போட்டார்கள். உலகமே பின்னி அனுப்பி, தேவைக்கு மேல் குவிந்துவிட்டது. பாட்டியைப் பேரனுக்குப் பின்னச் சொல்லுங்கள். பழைய துண்டுகள் இருந்தால், பக்கத்து விலங்கு காப்பகத்தில் கேட்டுக் கொடுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை, அம்மா ஒருவர்: பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? நாங்கள் வேறு சைவம்.

நான் தனியாகத்தான் போனேன், அம்மா. இருட்டிய பிறகு நடக்காமல், கூட வேலை செய்பவர்களோடு காரில் போய்வந்தேன். தங்குமிடத்தை மட்டும் மருத்துவமனையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சமையல் நம் கையில், பிரச்சினை இல்லை. ஆனால் மீன் நாற்றம் தலைமுடியிலிருந்து போகாது. நானே மூக்கைப் பிடித்தேன் என்றால் பாருங்கள். முதல் நாள் அழுகை வரலாம், அதற்காகத் திரும்பி வரச் சொல்லிவிடாதீர்கள்.

எண்ணூர், ஒன்பதாம் வகுப்பு மாணவன்: எனக்கு 14 வயசு. இப்பவே ஏதாவது செய்யணும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-லிருந்து நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப்போகிறார்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்கணும், டார்ச் அடிக்கக் கூடாது, பல நாள் ஒரு ஆமைகூட வராது. 2025 ஜனவரியில் செத்து ஒதுங்கிய ஆமைகளை வரிசையாக எண்ண வேண்டியும் வந்தது, அதுவும் அந்த வேலையில் சேர்த்திதான். செருப்பைக் கையில் எடுத்துக்கோ, வெறுங்காலில்தான் நடக்க முடியும். விடியற்காலை திரும்பும்போது பசிக்கும், பிஸ்கட் பாக்கெட் இரண்டாக வைத்துக்கோ.