அணுக்களைச் சேர்த்துவைக்கும் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவருமா, செலவாகுமா? உயிரியல் சார் ஒன்று சொல்கிறார், வேதியியல் சார் வேறு சொல்கிறார்

செலவாகும். வேதியியல் சார் சொல்வதுதான் சரி. நீங்கள் பிளஸ் டூ என்று நினைக்கிறேன். இதே குழப்பத்தில் மூன்று மார்க்கை விட்டவன் நான், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். "ஏடிபியில் (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளிவருகிறது" என்று உயிரியலுக்கு உருப்போட்டதை வேதியியல் தாளிலும் எழுதிவைத்தேன். சார் குறுக்கே கோடு போட்டார், ஏன் என்று சொல்லவில்லை.

எனக்கு அது விளங்கியது திருவையாற்றுப் பக்கம் எங்கள் வயலில். சம்பாப் பயிர் வெளுத்துக் கிடந்தது. இலையில் தெளிக்க ஒரு கிலோ யூரியாவை அரை வாளித் தண்ணீரில் கரைக்கச் சொன்னார் சித்தப்பா. கையை விட்டுக் கலக்கக் கலக்க விரல் சில்லிட்டு, வாளியின் வெளிப்பக்கம் வியர்த்துவிட்டது.

"ஐஸ் போட்டீங்களா சித்தப்பா?"

"வாய்க்கா தண்ணிதான்டா. யூரியா போட்டா அப்படித்தான்."

யூரியா மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை விடுவிக்க ஆகும் செலவு, அவை தண்ணீரோடு சேரும்போது கிடைக்கும் வரவைவிட அதிகம். பற்றாக்குறையைத் தண்ணீரின் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது மூலக்கூறுகளுக்கு இடையிலான வெறும் ஹைட்ரஜன் பிணைப்பு, அணுக்களைக் கட்டும் அசல் பிணைப்பு இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். தெரியும் ஐயா, கணக்கு ஒன்றுதான்.

அசலே வேண்டுமென்றால், அந்த யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவை எடுங்கள். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்துதான் அது உருவாகிறது. ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அளவு) நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோ ஜூல், மூன்று மோல் ஹைட்ரஜனுக்கு 436 வீதம் 1308, ஆக 2253 செலவு. ஆறு மோல் நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகும்போது சராசரியாக 391 வீதம் 2346 வரவு. மிச்சம் 93, அதுதான் வெப்பமாக வெளியே வருகிறது. உடைத்ததில் காலணா வரவில்லை, எல்லாம் சேர்ந்ததில் வந்தது. ஏடிபியிலும் உடைக்கச் செலவு உண்டு, ஆனால் தண்ணீரோடு வினைபுரிந்து வரும் புதுப் பொருள்கள் ஏடிபியைவிட நிலையானவை, அதனால் மோலுக்குச் சுமார் 30 கிலோ ஜூல் மிஞ்சுகிறது. உயிரியலில் இந்த வரவுப் பக்கத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பாடம் முடிக்க வேண்டுமே.

அப்புறம், யூரியா என்றதும் வயிறு எரிகிறது. போன சம்பாவுக்கு மூட்டை கேட்டால், கூடவே ஒரு நுண்ணூட்ட டப்பா வாங்கினால்தான் உண்டு என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றால் ஸ்டாக் இல்லையாம், அவர் முதுகுக்குப் பின்னால் கூரை வரை அடுக்கியிருக்கிறது. நாலு மூட்டைக்கு நாலு டப்பா. பிரிக்காமல் பத்தாயத்து மேலேயே கிடக்கிறது.