திராட்சை காயும் பரண்: இத்தாலிய ஒயின் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அமரோனே, காய்ந்த திராட்சையில் செய்யும் ஒயின் என்றார்கள். இனிக்கும் என்று நம்பித் திறந்தால் இனிப்பே இல்லை. கனமும் லேசான கசப்பும்தான். சர்க்கரை எங்கே போனது?

பதில்: ஈஸ்ட் தின்று சாராயமாக மாற்றிவிட்டது. பெயரே அதைத்தான் சொல்கிறது: இத்தாலிய மொழியில் ‘அமாரோ’ என்றால் கசப்பு.

வட இத்தாலிய நகரான வெரோனாவுக்கு வடக்கே வால்போலிசெல்லா மலைச்சரிவுகளில் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. முக்கியமான ரகம் கொர்வீனா. கூடவே கொர்வினோனே, ரொண்டினெல்லா. கொர்வீனாவின் தோல் தடிப்பு. மாதக்கணக்கில் கிடந்தாலும் சட்டென்று பிய்ந்துபோகாது. எல்லாக் குலையும் காய்வதற்குப் பரணுக்குப் போவதில்லை. பழங்கள் இடைவெளி விட்டுத் தளர்வாகத் தொங்கும் குலைகளை மட்டும் கையால் பொறுக்கி, ஒற்றை அடுக்காகப் பரப்புவார்கள். குலைமேல் குலை படக்கூடாது. அந்தக் காலத்தில் ‘அரேலே’ என்ற நாணல் தட்டிகள். இப்போது பெரும்பாலும் காற்றுப் புகும் ஆழமில்லாத பிளாஸ்டிக் பெட்டிகள். சுமார் 100 முதல் 120 நாள் இப்படியே காயும். எடையில் 30 முதல் 40 சதவீதம் குறைந்துவிடும். விதிப்படி 100 கிலோ புதுத் திராட்சைக்கு 40 லிட்டர் ஒயினுக்கு மேல் எடுக்கக்கூடாது.

கெடுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். பழத்தில் அப்போது ஈரம் அதிகம். வெளியே இலையுதிர்காலப் பனிமூட்டம். ஒரு குலையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பாருங்கள்: மேலே எல்லாம் சுத்தமாக இருக்கும், காம்பை ஒட்டிப் பழங்கள் நெருக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை தொடங்கியிருக்கும். அந்த ஒரு பழத்தை விட்டால் பக்கத்துப் பழமும் போய்விடும். பூஞ்சை நிறத்தையும் கெடுக்கும், ஒயினில் காளான் வாசனையையும் ஏற்றும். அதனால் காற்றில் ஈரம் ஏறும் நாளில் பரண் ஜன்னலை மூடிவிட்டு மின்விசிறி ஓட்டுவார்கள். அதற்காகச் சூடான காற்றை அடித்து அவசரமாகக் காயவைத்தாலும் சரிவராது. தண்ணீர் போய்ச் சர்க்கரை ஏறும், அவ்வளவுதான். மெதுவாகக் காயும்போது தோலுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு நேரம் கிடைக்காது. ஜாம் போன்ற ஒயின்தான் மிஞ்சும்.

பொதுவாக டிசம்பர் 1-க்கு முன் நசுக்க விதி இடம் கொடுக்காது. குளிர், கெட்டியான சாறு, ஏராளமான சர்க்கரை. இந்த நிலையில் ஈஸ்ட் நத்தையாக ஊர்ந்து, வாரக்கணக்கில் நொதிக்கும். சாராயம் 15, 16 சதவீதத்தை நெருங்கும்போது ஈஸ்ட்டுக்கே அது விஷம். பாதியில் அடங்கிவிட்டால் சர்க்கரை தங்கிவிடும். அப்படித் தங்கும் இனிப்பு ஒயினுக்கு ரெச்சோத்தோ என்று பெயர்; வயதில் அதுதான் மூத்தது. கவனிக்காமல் விட்ட ரெச்சோத்தோ பீப்பாய் ஒன்று கடைசிவரை நொதித்துக் கசந்ததில் பிறந்ததே அமரோனே என்பது அந்த ஊர்க் கதை. கதை எப்படியோ, விஷயம் சரி. இன்றைய விதியில் குறைந்தபட்சச் சாராயம் 14 சதவீதம். ‘ரிசெர்வா’ என்று போட 4 ஆண்டு முதிர வேண்டும், சாதாரணத்துக்கு 2.

கேள்வி: ரிபாஸ்ஸோ என்பது மலிவான அமரோனேதானா?

பதில்: இல்லை. அமரோனேயை வடித்தபின் மிஞ்சும் சக்கையில் கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் இருக்கும். இலையுதிர்காலத்தில் செய்துவைத்த சாதாரண வால்போலிசெல்லா ஒயினை அதன்மேல் ஊற்றிச் சில நாள் வைத்தால் மறுபடி நொதிக்கும். ஒயினுக்குச் சாராயமும் நிறமும் கனமும் ஏறும். ‘ரிபாஸ்ஸோ’ என்றால் மறுபடி கடத்துவது. சக்கையை முன்னமே இறுக்கிப் பிழிந்துவிட்டால் கடத்திப் பயனில்லை. காற்றுப்படத் திறந்து போட்டுவிட்டால் புளித்து வினிகர் வாடை ஏறும். அது புது ஒயினையும் கெடுத்துவிடும். அமரோனேயை வடிக்கும்போதே வால்போலிசெல்லா தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: ஒயினைக் குளிர்ந்த நிலவறையில் வைப்பதுதானே முறை? டஸ்கனி பகுதியில் வின் சாந்தோ என்ற காய்ந்த திராட்சை ஒயினை மட்டும் ஏன் ஓட்டுக்கூரைக்கு அடியில் வைக்கிறார்கள்?

பதில்: மற்ற ஒயினுக்கு ஆகாத வெயிலும் குளிரும்தான் இதற்கு வேண்டும். த்ரெப்பியானோ, மால்வாசியா குலைகளைக் கொக்கியில் தொங்கவிட்டோ பாயில் பரப்பியோ குளிர்காலம்வரை காயவைத்துப் பிழிவார்கள். சாறு போவது ‘கராதெல்லி’ என்ற சின்னப் பீப்பாய்களுக்கு. கருவாலி, கஷ்கொட்டை, செர்ரி என எந்த மரமும் இருக்கலாம். பழைய ஒயினின் அடியில் தங்கிய குழம்பு வண்டலைச் சில வீடுகளில் ‘மாத்ரே’, அதாவது தாய், என்று பத்திரப்படுத்துவார்கள். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல அதில் கொஞ்சம் இதிலும் சேரும். பிறகு பீப்பாயின் வாயை அடைத்துவிடுவார்கள்.

விளிம்புவரை நிரப்பமாட்டார்கள். நொதிக்கும்போது வாயு பீப்பாயை நெருக்கும். தவிர, மேலே உள்ள காற்றுதான் மெல்ல மெல்ல அந்த வாதுமை வாசனையைத் தருகிறது. குளிரில் நொதிப்பு நின்றுவிடும், கோடையில் கூரை கொதிக்கும்போது மறுபடி கிளம்பும். குறைந்தது 3 ஆண்டு. பலர் இன்னும் பல ஆண்டு விடுவார்கள். இதில் சூதாட்டமும் உண்டு. இடையில் திறந்து பார்க்காததால், ஒரே சாறு ஊற்றிய இரண்டு பீப்பாயில் ஒன்று தேனாகவும் மற்றது வினிகராகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுவைத்து, கெட்டதை ஒதுக்கிய பிறகே கலப்பார்கள். அவசரப்பட்டு ஒன்றாக ஊற்றினால் அத்தனையும் போச்சு.

கேள்வி: ‘ட்ரை’ என்றால் இனிப்பில்லாதது அல்லவா? ப்ரொசெக்கோ என்ற இத்தாலியக் குமிழி ஒயினில் ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ ஏன் ‘ப்ரூட்’டை விட இனிக்கிறது?

பதில்: பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராம்வரை சர்க்கரை. எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17. வெறும் ‘ட்ரை’யில் 17 முதல் 32. குமிழி ஒயின் எல்லாமே சர்க்கரைப்பாகாக இருந்த காலத்தில் வைத்த பெயர்கள் இவை. ஒரு கிளாஸ் 125 மில்லி என்று வைத்தால், எக்ஸ்ட்ரா ட்ரையில் 2 கிராம் அளவுக்கே சர்க்கரை.

அடியில் வண்டலுடன் கலங்கலாக ஒரு ப்ரொசெக்கோ கிடைத்தால் கெட்டுப்போனதென்று கொட்டிவிட வேண்டாம். ‘கொல் ஃபோந்தோ’ என்பது பழைய வழி. வழக்கமான எஃகுத் தொட்டிக்குப் பதில் பாட்டிலிலேயே, குமிழி தரும் இரண்டாம் நொதிப்பு நடந்து, ஈஸ்ட் அங்கேயே தங்கிவிடும். இன்று பரவலாக உள்ள தொட்டி முறைக்கு வித்திட்டவர் ஃபெதெரிகோ மார்த்தினோத்தி, ஆண்டு 1895.

கேள்வி: மோந்தெபுல்சானோ திராட்சையா, ஊரா?

பதில்: இரண்டும். ‘வீனோ நோபிலே தி மோந்தெபுல்சானோ’வில் அது டஸ்கனி ஊர், திராட்சை பெரும்பாலும் சாஞ்சோவேசே. ‘மோந்தெபுல்சானோ தாப்ருட்ஸோ’வில் அது திராட்சை ரகம், இடம் அப்ருட்ஸோ. குழப்பம் தீர, முன்னதின் லேபிளில் இப்போது ‘தொஸ்கானா’ என்ற சொல்லும் கட்டாயம்.

கேள்வி: பாட்டிலில் டி.ஓ.சி.ஜி. என்ற இத்தாலியின் உயர்ந்த தரச்சான்றுப் பட்டை இருந்தால் நல்ல ஒயின் என்று நம்பலாமா?

பதில்: இன்ன ஊர், இன்ன திராட்சை, இத்தனை மாதம் முதிர்ந்தது, சுவைக்குழு சுவைத்துப் பார்த்து அனுமதித்தது என்று நம்பலாம். உங்கள் நாக்குக்குப் பிடிக்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. ஊரையும் செய்முறையையும் வரையறுக்கும் டி.ஓ.சி. சட்டம் 1963-இல் வந்தது. பரோலோ, ப்ருனெல்லோ போன்ற ஒயின்கள் 1980-இல் ஒரு படி மேலேறி டி.ஓ.சி.ஜி. ஆயின. டஸ்கனியின் கியாந்தி ஒயினுக்கான அன்றைய விதி, சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையைக் கலந்தே ஆக வேண்டும் என்றது. தண்ணீர்போல ஆனது என்று பலர் முணுமுணுத்தார்கள். சிலர் விதியை விட்டுவிட்டு, சாதாரண ‘மேசை ஒயின்’ என்ற கடைசித் தரத்திலேயே விற்றார்கள். கடலோரப் போல்கேரியில் கபர்னே திராட்சையில் செய்த சாஸ்ஸிகாயா, 1968 விளைச்சலிலிருந்து அந்தத் தாழ்ந்த பெயரோடுதான் உலகப் புகழ் பெற்றது. அதற்கு டி.ஓ.சி. 1994-இல்தான் வந்தது. கியாந்தியின் மையப்பகுதியான கியாந்தி கிளாசிகோவிலோ, 2006 முதல் வெள்ளைத் திராட்சைக்கே தடை.