பங்குச் சந்தை கேள்வி - பதில்: பொறுமை எதுவரை?

கேள்வி: சார், நண்பர் சொன்னாரென்று 150 கோடி ரூபாய்கூட மார்க்கெட் கேப் (எல்லாப் பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்பு) இல்லாத ஒரு சின்ன கம்பெனி ஷேரை இரண்டு வருடத்துக்கு முன் வாங்கினேன். இப்போது பாதி விலையில் நிற்கிறது. "நம்பிக்கையோடு பொறுமையாக இரு, பத்து மடங்காகும்" என்கிறார் அவர். வைத்திருப்பதா, விற்பதா?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கேள்வியில் வாங்கிய காலம் இருக்கிறது, இன்றைய விலை இருக்கிறது, நண்பர் இருக்கிறார். கம்பெனி என்ன தயாரிக்கிறது என்பது மட்டும் இல்லை! அப்படியென்றால் அந்த நம்பிக்கை உங்களுடையது அல்ல, நண்பரிடம் வாங்கிய இரவல். அவர் சத்தமில்லாமல் விற்றுவிட்டுப் போனால்கூட உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

விலை பாதியானது மட்டுமே விற்கக் காரணமாகாது. 2018 ஜனவரியில் உச்சத்தில் இருந்த, சின்ன கம்பெனிப் பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு, 2020 மார்ச்சில் கொரோனா அடித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. பழைய உச்சத்தைத் தொட 2021 ஆகிவிட்டது. நல்ல கம்பெனி, மோசமான கம்பெனி எல்லாம் சேர்ந்துதான் விழுந்தன. அதில் பயந்து விற்றவர்களும் நஷ்டப்பட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் நஷ்டப்பட்டார்கள்.

பொறுமை என்றால் என்ன என்பதற்கு சிம்பொனி நல்ல உதாரணம். அகமதாபாத் ஏர் கூலர் கம்பெனி. கூலரோடு நிற்காமல் வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின் என்று கால் அகல வைத்து, நஷ்டம் முற்றி, நலிந்த கம்பெனிகளுக்காக அப்போது இருந்த பி.ஐ.எஃப்.ஆர். என்ற அரசு வாரியம் வரை போனது. அப்புறம் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கூலரை மட்டும் வைத்துக்கொண்டு, உற்பத்தியையும் வெளியே கொடுத்து, மெல்ல எழுந்தது. அந்தப் பங்கு பல மடங்கு ஏறியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் விலை ஏறுவதற்கு முன்பே தொழில் மாறுவது ஆண்டறிக்கையில் தெரிந்தது, அதைப் படித்தவருக்குத்தான் பொறுமையாக இருக்க ஒரு காரணம் இருந்தது. (பி.ஐ.எஃப்.ஆர். போய்த் திரும்பாத கம்பெனிகள்தான் அதிகம். அந்தக் கதைகளை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.)

இதற்கு நேர் எதிர், மாம்பழ ஜூஸ் விற்ற மன்பசந்த் பெவரேஜஸ். 2018 மே மாதம், ஆண்டுக் கணக்கு வெளியாவதற்குச் சில நாள் முன்பு, கேட்ட விவரங்களைத் தரவில்லை என்று ஆடிட்டர் டெலாய்ட் விலகியது. மறு வருடம் ஜி.எஸ்.டி. மோசடிப் புகாரில் நிர்வாகிகள் கைதானார்கள். ஆடிட்டர் விலகிய அன்றே, அந்தப் பங்கை வாங்கியதற்கான காரணம் செத்துவிட்டது. அதற்குப் பிறகும் "லாங் டெர்ம்" என்று உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் பொறுமை இல்லை.

ஆகவே இந்த வாரமே உட்கார்ந்து கடைசி மூன்று ஆண்டறிக்கைகளைப் படியுங்கள், பி.எஸ்.இ. (மும்பை பங்குச் சந்தை) தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். லாபம் காட்டுகிறார்களே, அந்தப் பணம் கேஷ் ஃப்ளோவில் (ரொக்க வரவு செலவுக் கணக்கில்) வருகிறதா, அல்லது வரவேண்டிய பாக்கியாகவே வருடா வருடம் குவிகிறதா என்று முதலில் பாருங்கள். சின்ன கம்பெனியில் பாதி வில்லங்கம் அங்கேதான் இருக்கும். புரமோட்டர் (கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் முதலாளி) தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறாரா என்பது காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் இருக்கும். புரமோட்டரின் உறவினர்கள் நடத்தும் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். படித்த பிறகு, இன்று கையில் காசு இருந்தால் இதே விலையில் இதை வாங்குவேனா என்று கேளுங்கள். வாங்குவேன் என்றால் வைத்திருங்கள். பதில் வரவில்லை என்றால் விற்றுவிடுங்கள், நண்பர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: என்னுடைய மைக்ரோகேப் (மிகச் சின்ன கம்பெனி) பங்கு தினமும் லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்கிறது. விற்க ஆர்டர் போட்டாலும் நடக்கவில்லையே?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். 5 சதவிகித சர்க்யூட் உள்ள பங்கு, முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து அன்றைக்கு 5 சதவிகிதத்துக்கு மேல் இறங்க முடியாது, அந்த அடிமட்ட விலைதான் லோயர் சர்க்யூட். எல்லோரும் அந்த விலையில் வரிசையில் நிற்பார்கள், முதலில் ஆர்டர் போட்டவருக்கு முதலில் விற்கும். காலையில் சந்தை திறக்கும் முன்பே ஆர்டரைப் போட்டு வையுங்கள், வேறு வழியில்லை. இனி வாங்கும்போது தினமும் எத்தனை பங்கு கைமாறுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு நாள் வியாபாரமே இரண்டு லட்சம் ரூபாய்க்குத்தான் என்றால், அதில் நீங்கள் பத்து லட்சம் போட்டிருந்தால், எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் அவசரத்துக்கு வெளியே வர முடியாது.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் இருக்கிறது. அந்தப் பணத்தைச் சின்ன கம்பெனிப் பங்குகளில் போடலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். மேலே சொன்ன 2018 உச்சத்தில் போட்டிருந்தால் மூன்று வருடம் கழித்தும் போட்ட பணம் முழுசாகத் திரும்பியிருக்காது. மண்டபத்துக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.